எண்ணெய் குடித்த நாற்காலிகள்

வடகரப்பதியில் எங்கள் வீட்டுத் தேக்கு நாற்காலிகள் ஆறுக்கும் நானே ஆளிவிதை எண்ணெய் பூசினேன். ஒரு வாரமாகியும் பிசுபிசுப்பு போகவில்லை. மறுநாள் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அவற்றில்தான் உட்கார வேண்டும். பாலிஷ்காரரை அழைத்தேன்.

ஐம்பது வயதிருக்கும். பாலிஷ் வேலைக்கு வெள்ளை வேட்டியில் வரும் ஒருவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்காலியில் விரலை வைத்து எடுத்தார்.

"ஏனுங்க, பூசிப்போட்டுத் துணியில தொடச்சீங்களா?"

"இல்லீங்க. நல்லா ஊறட்டும்னு உட்டுட்டனுங்க."

"சனிக்கெழம எண்ணெ தேச்சா சீயக்கா போட மாட்டீங்களா? அப்படியே சந்தைக்குப் போயிருவீங்களா?"

சமையலறையில் மனைவி சிரித்தது கேட்டது.

டர்பன்டைன் நனைத்த துணியால் பிசுக்கைத் தேய்த்தெடுத்தார். உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றில் வைத்தார். மாலையில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து எழுந்து, கடைசியில் எனக்கு முதுகு காட்டி நின்றார்.

"பாத்துச் சொல்லுங்க."

வேட்டியில் ஒரு கறைகூட இல்லை. பகல் முழுவதும் எண்ணெயில் வேலை செய்தவருக்கு அது எப்படிச் சாத்தியம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மறுநாள் வந்தவர்கள் விடைபெற்றதும் மனைவி கேட்டாள்.

"மாப்பிள்ளை எப்படிங்க?"

"வேட்டி சுத்தமா இருந்துச்சு" என்றேன்.