சுவரைப் பார்த்து நின்ற அந்தோனியார்

அந்த மாமியை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முந்தலில் இருந்து வாரம் தவறாமல் பஸ்ஸில் வந்து எங்கள் கரையில் செபக்கூட்டம் நடத்துகிறவள். அவளுடைய மனுசன் தென்னந்தோட்டம் வைத்திருந்தவர், ஒரு நாளும் கடலுக்குப் போனதில்லை. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று சும்மாவா சொன்னார்கள்.

யுத்தம் முடிந்து, கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் காட்டும் தொல்லை ஒழிந்த காலம். ஆண்கள் முன்னையைவிடத் தூரம் போகத் தொடங்கியிருந்தார்கள். என் மனுசனும் பக்கத்து வீட்டுக்காரியின் மனுசனும் ஒரே போட்டில் போனார்கள். அவளை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அடுத்த நாள் காலையில் வரவேண்டியவர்கள் வரவில்லை. இஞ்சின் நின்று, காற்று போட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

மாமி வந்தாள். எங்கள் இருவரையும் முழங்காலில் நிற்க வைத்தாள். "பொறு பிள்ளை. அவர் சொன்னாச் சொன்னதுதான். கைவிடமாட்டன் எண்டு வாக்குக் குடுத்த ஆண்டவர்" என்றாள்.

தங்கச்சி அதை அப்படியே நம்பினாள். காலையும் மாலையும் செபமாலை. மத்தியானம் வரைக்கும் பச்சைத் தண்ணீர்கூட வாயில் படாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. மூன்றாம் நாள், அலுமாரிக்கு மேல் இருந்த அந்தோனியார் சுரூபத்தை எடுத்து முகத்தைச் சுவருக்குத் திருப்பி வைத்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் என்று பெயர் எடுத்தவர்தானே. கேட்டது கிடைக்காவிட்டால் எங்கள் கரைப் பெண்கள் ஃபாதருக்குத் தெரியாமல் செய்கிற வேலைதான் இது. "அந்தாளைக் கொண்டு வாரும். அதுவரைக்கும் என்ட முகத்தில முழிக்க வேணாம்" என்று சொன்னேன்.

மாமி கண்டுவிட்டு, இது பெரிய பாவம் என்றாள். "நம்பிக்கை இல்லாதவளுக்கு ஒண்டும் வராது" என்றாள்.

வந்தது. ஒன்பதாம் நாள் பள்ளிவாசல்துறை ஆட்களின் போட் ஒன்று என் மனுசனைக் கரைக்குக் கொண்டுவந்தது. உதடு வெடித்து, தோல் உரிந்து, கருவாடு மாதிரிக் கிடந்தார். அவர் மட்டும்தான். மற்றவர் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள்.

"தூரத்தில கப்பல் ஒண்டு போனது. அதை மறிக்க நீந்திப் போனவன்" என்றார். தங்கச்சி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இரண்டு கிழமைக்குப் பிறகு, கஞ்சி குடித்துக்கொண்டிருக்கையில் என்னிடம் உண்மையைச் சொன்னார். கப்பலே இல்லை. அவன் கடல் தண்ணீரைக் குடித்து மூளை பிசகி, "கரை தெரியுது, நான் நடந்து போறன்" என்று இறங்கியவன். இவர் கண்ணுக்கு முன்னால் தாழ்ந்து போனவன்.

"அந்தப் பிள்ளைட மூஞ்சையைப் பாத்து என்னெண்டு சொல்றது?" என்று அழுதார்.

"இப்ப சொல்லாட்டி எப்ப சொல்லப் போறீங்க?" என்று கத்தினேன். கத்தினேனே தவிர, பக்கத்து வீட்டு வாசலை நானும் மிதிக்கவில்லை.

மாமிக்கு அந்தக் கப்பல் போதுமாக இருந்தது. அடுத்த செபக்கூட்டத்தில் என்னை எழுப்பி, என் மனுசன் திரும்பி வந்த புதுமையைச் சாட்சி சொல்லச் சொன்னாள். பிறகு முன்னால் இருந்த தங்கச்சியிடம் திரும்பினாள். "கப்பல் அவரை ஏத்திக்கொண்டு தூர தேசத்துக்குப் போயிருக்கும். விசுவாசம் குறையாமப் பாத்துக்கொள், அவர் வந்திடுவார்" என்றாள்.

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிற கதை. அப்போ, வராவிட்டால் குற்றம் அவளுடையதா? பட்டினி கிடந்தவள் அவள். சுரூபத்தோடு சண்டை பிடித்தவள் நான். எனக்குக் கிடைத்தது, அவளுக்கு இல்லை. என்ன நியாயம் இது?

"சாட்சியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உங்கட வாயைக் கொஞ்சம் மூடுங்க மாமி" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். கடவுளோடும் கோபம்தான். வாக்குக் கொடுத்தவர், அதை இப்படிப்பட்ட வாய்களில் ஏன் விட்டுவைத்தார்?

அன்று பின்னேரம் தங்கச்சி வீட்டுக்கு வந்தாள். மாமியை ஏசியதைப் பற்றிக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அலுமாரிக்கு மேலே பார்த்தாள்.

"அக்கா, உங்கட அந்தோனியாரை ஒருக்கா தாங்க. எத்தினை நாள் திருப்பி வச்சீங்க?"

"ஆறு நாள்."

எடுத்துக் கொடுத்தேன். சொல்லியிருக்க வேண்டிய நேரம் அதுதான். மாமியிடம் அவ்வளவு பேசிய வாய், "கவனமாப் பிடி, விழுத்திடாத" என்று மட்டும் சொன்னது. சுரூபம் இன்றுவரை அவள் வீட்டில்தான் இருக்கிறது.

ஏழாம் நாள் விடிய, வேலியடியில் வந்து கூப்பிட்டாள். "ஆறு நாளும் முடிஞ்சுது அக்கா. நான் பிழையாத் திருப்பிட்டனோ தெரியாது. வந்து ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

போனேன். கதிரையில் அவள் மனுசனின் சாரமும் சேட்டும் தோய்த்து மடித்து வைத்திருந்தது. அந்தோனியார் சுவரைப் பார்த்தபடி நின்றார். ஒரு பிழையும் இல்லை. அன்று கரையில் என் மனுசனின் வாயைப் பார்த்த மாதிரி, அவள் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பொறு பிள்ளை" என்றேன். "அவர் சொன்னாச் சொன்னதுதான்."