சத்திரத்து வாசலில் கழற்றிய சப்பாத்து

எழுபதுகளில் நாங்கள் சிட்னியில், ஹோம்புஷில், ஓர் அறை வீட்டில் குடியிருந்தோம். என் கணவரிடம் இருந்த நல்ல சப்பாத்து ஒரே சோடிதான். யாழ்ப்பாணத்திலிருந்து காலோடு வந்தது. திங்கட்கிழமை அவருக்கு வேலைக்கு நேர்முகப் பரீட்சை. முந்திய மூன்றிலும் கேட்டதற்கெல்லாம் ‘யெஸ் சேர்’, ‘சொறி சேர்’ என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு திரும்பிய மனுசன். ஞாயிறு காலையில் அவர் அறைக்குள் நடந்த நடையைப் பார்க்க எனக்குத் தலை சுற்றியது. நகருக்கு வெளியே பழைய சத்திரம் ஒன்று இருக்கிறதாம், பார்த்துவிட்டு வருவோம் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

குதிரை வண்டியில் வந்த பயணிகள் ஒரு காலத்தில் இராத்தங்கிய இடம் அது; இப்போது பழம்பொருட்களைக் காட்டும் நூதனசாலை. வாசல் விறாந்தையில் பழைய சப்பாத்துகள் வரிசையாக இருந்தன. எனக்கு இந்த நாட்டின் மேல் புது மரியாதையே வந்துவிட்டது.

“பாத்தியளே, வெள்ளைக்காரரும் கழட்டிப்போட்டுத்தான் உள்ள போகினம்” என்றேன்.

நாங்களும் கழற்றி, வரிசை குலையாமல் வைத்துவிட்டு, கட்டில், குசினி, குதிரைச் சேணம் எல்லாம் ஆறுதலாகப் பார்த்தோம்.

திரும்பி வந்தால் விறாந்தையில் சிறு கூட்டம். என் செருப்பை யாரோ ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள். வரிசையில் இருந்தவை அந்தக் கால வண்டிக்காரர்களுடையவையாம், காட்சிக்கு வைத்தவை; அவருடையதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நூதனசாலை அம்மணி அதைத்தான் காட்டி, “வண்டிக்காரர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கிறார்கள், பாருங்கள்” என்று உருகிக்கொண்டிருந்தார்.

இவர் குனிந்து கையை நீட்டினார்.

“தொடக் கூடாது!” என்றார் அம்மணி.

“சொறி மேடம்.” கையை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். “இஞ்சேரும், வெறுங்காலோட போவம். ஸ்ரேசன் கிட்டத்தானே.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “உங்கட சப்பாத்தையே கேக்க மாட்டியள். நாளைக்கு எப்பிடி வேலை கேக்கப் போறியள்?”

அவர் அம்மணியிடம் திரும்பிப் போனார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார்: “மேடம், அது என்னுடையது. எனக்கு வேண்டும்.”

அம்மணி அவருடைய வெறுங்காலைப் பார்த்தார். முகம் சிவந்து, தானே எடுத்துக் கொடுத்து மன்னிப்புக் கேட்டார். இவர் முதன்முதலாகச் ‘சொறி’ சொல்லாமல் வாங்கி மாட்டிக்கொண்டார்.

அடுத்த நாள் அதே சப்பாத்தோடு போனார். வேலை கிடைத்தது.

சில மாதங்களில் ஊரிலிருந்து வந்த உறவினரை அங்கே கூட்டிப்போனோம். வாசலில் புதுப் பலகை ஒன்று: ‘தயவுசெய்து உங்கள் சப்பாத்தைக் கழற்ற வேண்டாம்.’

எல்லாரும் உள்ளே போன பிறகும் இவர் அதன் முன்னாலேயே நின்றார்.

“என்ன பாக்கிறியள்?”

“எங்களைப் பற்றியும் எழுதி வைச்சிருக்கினமப்பா” என்றார்.