ஃபெம்மி வீட்டு நாட்காட்டி

டெவென்டர் நகரில் ஆறாம் எண் பேருந்தை ஓட்டும் ஸர்மினா ஆப்கானிஸ்தானிலிருந்து வந்தவள். டச்சுக் குடியுரிமை கிடைத்துப் பதினோரு வருடமாகிறது. மழை பெய்தாலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறாள். மதியச் சாப்பாட்டை இரண்டு ரொட்டித் துண்டிலும் ஒரு சீஸ் வில்லையிலும் முடித்துக்கொள்கிறாள். ஆனாலும் ஒரு பரீட்சையில் மட்டும் அவள் தேறவே இல்லை. பக்கத்து வீட்டு ஃபெம்மியின் கழிப்பறைச் சுவரில் தொங்கும் பிறந்தநாள் நாட்காட்டியில் அவள் பெயர் இல்லை.

அந்தத் தெருவில் எல்லார் வீட்டிலும் அது அங்கேதான் தொங்கும். வருடம் போடாத நாட்காட்டி. வேண்டியவர்கள் பெயரை அவரவர் பிறந்த தேதியில் எழுதி வைப்பார்கள். ஃபெம்மியின் நாட்காட்டியில் பல் டாக்டர் இருந்தார். செத்துப்போன பூனைகூட இருந்தது! காபிக்குப் போகும்போதெல்லாம் ஸர்மினா உள்ளே நுழைந்து பன்னிரண்டு தாளையும் புரட்டிவிட்டு, ஒப்புக்கு ஃப்ளஷை இழுத்துவிட்டு வருவாள்.

மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் பொறுக்க முடியாமல், தன் பெயர் ஏன் இல்லை என்று கேட்டேவிட்டாள். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே கேட்பதும் இந்த ஊர் கற்றுக்கொடுத்ததுதான். ஃபெம்மியின் முகம் சிவந்துவிட்டது.

"பதினோரு வருஷமா என் பிறந்தநாள் கேக்கைத் தின்னுட்டுப் போற. ஒரு தடவையாவது உன் பிறந்தநாளுக்கு என்னைக் கூப்பிட்டியா? நான் வேண்டாம்னு நீதான் ஒதுக்கி வச்சிருக்கன்னு நினைச்சேன்."

இங்கே பிறந்தநாள்காரர்தான் கூப்பிட வேண்டும், அவரேதான் கேக்கும் வாங்க வேண்டும். ஸர்மினாவோ யாராவது கேட்கட்டும் என்று காத்திருந்தாள். கேட்டிருந்தாலும் சொல்லத் தேதி இல்லை. காகிதத்தில் இருக்கும் ஜனவரி ஒன்று ஓர் அதிகாரி போட்டது. கூரையில் அப்ரிகாட் பழம் காயப்போட்ட வாரத்தில் பிறந்தாய் என்று அம்மா சொன்னது மட்டும்தான் தெரியும். அதைத் தட்டுத்தடுமாறிச் சொன்னாள்.

ஃபெம்மி எழுந்து பேனாவைத் தேடி எடுத்தாள்.

"ஜனவரி ஒண்ணு வேண்டாம், அன்னைக்கு ஊரே தூங்கி வழியும். பழம் காயப்போடுறதுன்னா கோடைதானே? ஜூலைல எனக்கு ஆளே இல்ல. ஒன்பதாம் தேதி வச்சுக்க. காலைல பத்து மணிக்கு வந்துடுவேன். கேக் உன் பொறுப்பு."

அவள் எழுதிவிட்டு வந்ததும் ஸர்மினா கழிப்பறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டாள். ஜூலைத் தாளில் தன்னந்தனியாகத் தன் பெயர். அம்மாவின் நினைவு வந்து அழுகை முட்டியது. இந்தத் தடவை ஃப்ளஷை இழுக்கவும் மறந்துபோனாள்.

ஃபெம்மி கதவைத் தட்டினாள்.

"வயிறு சரியில்லையா? காபி ஆறுது, வா."