கடிதம் வரமுதல் பெயர் சொல்லாதவர்கள்

உதவித்தொகை விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில் பிரெஞ்சு தெரிந்திருப்பது பாதி வேலை. ஒரு வீடு வெளியே சொல்லாத விசயங்களைக் கேட்டு வாங்குவது மற்றப் பாதி.

நான் பாரிசின் லா ஷப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், யோகன் அண்ணையின் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் நகல் எடுக்கும் மெசின். பின்பக்கம் இரண்டு மேசைகள். ஒன்றில் யோகன் அண்ணை பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்ப்பார். மற்றதில் நான் மாணவர்களுக்குப் பூர்ஸ் விண்ணப்பம் நிரப்புவேன். உதவித்தொகையை இங்கே யாரும் வேறு பெயரில் சொல்வதில்லை.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். லிசே என்கிற உயர்நிலைப் பள்ளியில் இரண்டு வருடத் தொழிற்படிப்பு முடித்து, அதிலிருந்து நேரே பல்கலைக்கழகத்தின் மூன்றாம் வருடத்துக்கு மாறினேன். அந்த வழியால் போனவர்களுக்குத் தெரியும், நாங்கள் மாறும்போது பூர்ஸ் தானாக எங்களோடு வராது. ஒவ்வொரு வருடமும் புதிதாகக் கேட்கவேண்டும். அதுவும் மே மாதம் முடியமுதல், எந்தப் பல்கலைக்கழகம் எங்களை எடுக்கும் என்று தெரியாத நேரத்தில் கேட்கவேண்டும்.

இல்லை என்று சொன்ன நாள்

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை வந்தவர் தமிழ்நாட்டு மாணவர். கணினித் துறையில் முதுகலை படிக்க வந்து ஏழு மாதம். தன் அப்பாவின் வரிக் கடிதத்தைச் சென்னையிலிருந்து வரவழைத்து, மடிப்பு விழாமல் ஒரு உறைக்குள் வைத்திருந்தார். வெளிநாட்டு மாணவருக்கு இந்தப் பூர்ஸ் கிடைக்கவேண்டுமென்றால் அவருடைய குடும்பம் பிரான்சில் குறைந்தது இரண்டு வருடம் வரிக்கணக்குக் காட்டியிருக்கவேண்டும். எங்கேயாவது ஒரு விலக்கு இருக்கும் என்று விதியை மூன்று தரம் வாசித்தேன். இருக்கவில்லை. கடைசியில், "உங்களுக்குக் கிடைக்காது" என்றேன்.

அவர் உறையைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு சொன்னார்: "பரவாயில்லக்கா. நாலு பேர்கிட்ட கேட்டேன், நாலு பேரும் ட்ரை பண்ணிப் பாருங்கன்னாங்க. இல்லைன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்."

நல்லாய் இருந்த வருசம்

ஏப்ரலில் குலம் அண்ணை பாரிஸ் புறநகரான பொண்டியிலிருந்து வந்தார். உணவகச் சமையலறைகளில் இருபது வருடம் நின்றவர். போன வருடம் முதுகில் அறுவைச் சிகிச்சை செய்து வீட்டில் இருக்கிறார். மகள் தர்ஷிகா லிசேயில் ஆய்வுக்கூடத் தொழிற்படிப்பின் இரண்டாம் வருடம். அவளுக்கு லீல் நகரத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் உயிரியல் மூன்றாம் வருடம் படிக்கவேண்டும். அவள் விரும்பிய பாடம் அங்கேதான் இருந்தது. பூர்ஸும் மாணவர் விடுதியில் ஒரு அறையும் கிடைத்தால் போவாள். இல்லையென்றால் பொண்டியிலேயே இருந்து ஏதாவது வேலை தேடுவாள். விசயம் அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் கேட்பது இரண்டு வருடத்துக்கு முந்திய வருமானம். அந்த வருடம் குலம் அண்ணை பகலில் ஒரு சமையலறையிலும் மாலையில் இன்னொன்றிலும் வேலை செய்திருந்தார். அந்த வருடத்து வரிக் கடிதத்தைப் பார்த்தால் வசதியான வீடு. நோயால் வருமானம் குறைந்ததற்கு வைத்தியரின் கடிதத்தை இணைத்தால் திரும்பப் பார்ப்பார்கள் என்று சொன்னேன். அவர் வரிக் கடிதத்தில் இருந்த தன் பெயரில் விரலை வைத்தார். பிறகு சொன்னார்: "நான் நல்லாய் இருந்த வருசத்தைத்தான் அவங்கள் கேக்கிறாங்கள், தங்கச்சி. இப்ப இருக்கிற என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

அவர் மனைவி கைவைத்து மறைத்த கட்டம்

வைத்தியரின் கடிதத்தை இரண்டு கிழமை கழித்துக் கொண்டுவந்தவர் அவர் மனைவி பவானி அக்கா. தர்ஷிகாவுக்கு அன்று பயிற்சி வேலை. "அம்மா வருவா, மிச்சத்தை நீங்களே முடிச்சுவிடுங்கோ அக்கா" என்று எனக்கு முதல் நாளே எழுதியிருந்தாள். எல்லாம் சுகமாகப் போனது. அடுத்த வருடம் எந்த ஊரில், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ற கட்டம் வந்தது. நான் லீல் என்று அடிக்கத் தொடங்க, அவர் எட்டி என் கையைப் பிடித்துவிட்டு, திரையில் அந்தக் கட்டத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்தார்.

காரணத்தை அவரே சொன்னார். மூத்த மகனுக்குப் பொறியியல் பள்ளியில் இடம் என்று ஒருவர் வாயால் சொன்னதை நம்பி, இவர் கோயிலில் எல்லோருக்கும் கற்கண்டு கொடுத்திருந்தார். பத்து நாளில், இடம் இல்லை என்று கடிதம் வந்தது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நாலு பேர், "மகன் எப்ப போறான்?" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் கடிதம் வரமுதல் எந்த இடத்தின் பெயரையும் சொல்வதில்லை, எழுதுவதும் இல்லை.

அந்தக் கட்டத்தில் லீலை எழுதாமல் விட்டால் விடுதி அறை கைவிட்டுப் போகலாம் என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் வீட்டிலும் அதே வழக்கம்தான். எனக்கு இடம் கிடைக்கமுதல் என் சொந்தத் தம்பிக்குக்கூட நான் சொன்னதில்லை. ஆகவே தர்ஷிகா ஒப்புக்கு விண்ணப்பித்திருந்த ஒரு பாரிஸ் பல்கலைக்கழகத்தை மட்டும் எழுதினேன்; அது ஆசைப்பட்ட இடம் இல்லை என்பதால் பவானி அக்கா மறிக்கவில்லை. லீலை விட்டுவிட்டேன். அனுப்பியாயிற்று என்று அவளுக்குச் செய்தியும் போட்டேன். எதை எழுதி அனுப்பினேன் என்று போடவில்லை.

பவானி அக்கா எழும்பும்போது என் தோளைத் தட்டிச் சொன்னார்: "கடிதம் வரட்டும், பிள்ளை. வந்தாப் பிறகு நானே சத்தமாய்ச் சொல்லுறன்."

தர்ஷிகா தனியாக வந்தாள்

ஜூன் கடைசியில் லீலிலிருந்து கடிதம் வந்தது. எடுத்திருந்தார்கள். பாரிசில் எடுக்கவில்லை. தர்ஷிகா கடைக்கு ஓடி வந்து கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு, விடுதி அறைக்கு எப்போது பதில் வரும் என்று கேட்டாள்.

நான் அவளைக் கதிரையில் இருக்கச் சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். விண்ணப்பத்தை லீலுக்கு மாற்றக் கேட்கலாம். பூர்ஸ் பிந்தி வரும். விடுதி அறைகள் அந்த ஊரின் பெயரை நேரத்துக்கு எழுதியவர்களுக்குப் போய்விட்டன. மிச்சம் விழுந்தால்தான் உண்டு. வெளியில் அறை எடுப்பதென்றால் நல்ல சம்பளக் கடிதத்தோடு ஒருவர் பிணை நிற்கவேண்டும். அவளுடைய அப்பாவிடம் இருந்தது வைத்தியரின் கடிதம். பிழை அம்மாவுடையது அல்ல, என்னுடையது என்றும் சொன்னேன்.

வீட்டிலும் கடையிலும் தமிழில் கதைக்கிற பிள்ளை, அன்று பிரெஞ்சில் பதில் சொன்னாள். தமிழில் எழுதினால் இவ்வளவுதான்: "அம்மா பயப்படுவா என்று எனக்குத் தெரியும். நீங்களும் பயப்படுவீங்கள் என்று தெரிஞ்சிருந்தால் நானே நிரப்பியிருப்பேன்."

யோகன் அண்ணையிடம் சொன்னது

அன்று பின்னேரம் யோகன் அண்ணையிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டு நிற்கிறேன் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"முதல் வருசம் நான் ஒரு மனிசன்ரை பிறந்த மாதத்தை மாத்தி எழுதிப்போட்டன்," என்றார். "அந்தாள் இப்பவும் வருசத்துக்கு ரெண்டு தரம் கேக் வெட்டுது. நிக்கிற கதையை விட்டிட்டு, இருந்து லீலுக்குக் கடிதத்தை எழுதும்."

வரிசைக்கு நடுவில்

எழுதினேன். ஜூலை நடுவில் பதில் வந்தது. விண்ணப்பத்தை லீலுக்கு மாற்றியிருந்தார்கள். வைத்தியரின் கடிதத்தையும் ஏற்று, பழைய வருமானத்துக்குக் கணக்கிட்டதை விடக் கூடுதலான தொகையில் பூர்ஸ். விடுதியில் அறை இல்லை. பல்கலைக்கழகத்தில் இடத்தை உறுதிப்படுத்த ஐந்து நாள் இருந்தது. அறை இல்லாமல் உறுதிப்படுத்த வேண்டாம் என்று குலம் அண்ணை சொல்லிவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை கடையில் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். பவானி அக்கா வந்தார். என் மேசைக்கு வரவில்லை. நகல் மெசினுக்குப் பக்கத்தில், வரிசைக்கு நடுவில் நின்றார். கையில் தர்ஷிகாவின் கடிதம். அவர் விரல்கள் அதை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தன. நான் எழும்பமுதல் அவர் தொடங்கிவிட்டார்.

"எல்லாரும் ஒருக்காக் கேளுங்கோ. என்ரை மகளுக்கு லீலிலை யூனிவெர்சிட்டி கிடைச்சிருக்கு. இருக்க இடமில்லை. அங்கை ஆருக்கும் ஆக்கள் இருக்கினமோ?"

கோயிலிலும் இவரைப் பார்க்கிற இரண்டு பேர் அந்த வரிசையில் நின்றார்கள். இது நடக்காவிட்டால் வெள்ளிக்கிழமைதோறும் கேட்கப்போகிறவர்கள் அவர்கள்தான். பவானி அக்காவும் அவர்களைக் கண்டார். கண்டுவிட்டு, லீல் என்று இன்னொருதரம் சொன்னார்.

கலியாணப் பதிவை மொழிபெயர்க்கக் கொண்டுவந்திருந்த ஓல்னே-சூ-புவா என்ற புறநகரிலிருந்து வந்த அம்மா ஒருவர் முதலில் வாய் திறந்தார். "என்ரை மச்சாள் அங்கைதான். மகன் கலியாணம் முடிச்சுப் போட்டான், அறை சும்மா கிடக்கு. நில்லுங்கோ, அடிச்சுக் கேப்பம்." அவர் கைபேசியைச் சத்தமாக வைத்தார். வரிசை முழுவதும் கேட்டுக்கொண்டு நின்றது. மறுமுனையில் இருந்தவர், பிள்ளைக்கு மரக்கறிச் சாப்பாடா மச்சச் சாப்பாடா என்று மட்டும் விசாரித்தார். எல்லாம் சாப்பிடுவாள் என்று பவானி அக்கா கைபேசிக்குக் கிட்ட வந்து சொன்னார்.

தர்ஷிகா செப்டெம்பரில் லீலுக்குப் போனாள். பூர்ஸ் பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. அறை கிடைத்த அந்தச் சனிக்கிழமையே தர்ஷிகாவையும் கடைக்கு வரவழைத்து, இடத்தை உறுதிப்படுத்தும் படிவத்தைத் திரையில் திறந்து, அம்மாவும் மகளும் பார்த்திருக்க நான் நிரப்பினேன். ஊரின் பெயர் கேட்கும் கட்டத்தில் என் கை தானாக நின்றது. பவானி அக்கா முன்னால் குனிந்து சொன்னார்: "எழுதுங்கோ, பிள்ளை. இனி நான் கைவைச்சு மறைக்கமாட்டன்."

இப்போதெல்லாம் என் மேசைக்கு வருகிற எல்லோரிடமும் கடிதம் வரமுதலே அந்தக் கட்டத்தைத் துணிந்து நிரப்பச் சொல்கிறேன். நானும் போன கிழமை என் படிப்புக்கேற்ற வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எந்த இடம் என்று மட்டும் இப்போதைக்குக் கேட்காதீர்கள்.