கதவுக்குப் பின்னால் சுருதிப்பெட்டி

இன்று பேத்தியின் மழலையர் பள்ளி வாசலில் சுருதிப்பெட்டி ஒலித்தது. எனக்கு நான்கு வயது திரும்பியது.

தசராவுக்கு முந்தைய வாரம் அது. மைசூர்ப் பள்ளியில் கன்னடம் புரியாமல் அழுவேன். அதனால் அம்மா கதவுக்குப் பின்னால் அமர்ந்து சுருதி போடுவாள். ஒலி கேட்டுக்கொண்டிருக்கும்வரை அவள் இருக்கிறாள் என்று நம்பினேன். டீச்சர் தசரா யானைகள் அரண்மனைக்குப் போகும் கதையைப் பாட்டாகச் சொல்வார், குட்டியானை நான்.

ஒருநாள் எட்டிப் பார்த்தேன். அங்கே பெட்டியோடு பள்ளி ஆயா!

"அம்மா எங்கே?"

"நாலு நாளா நான்தான் போடறேன் கண்ணா. நீதான் பாட்டுல மூழ்கிட்டியே!"

உதடு பிதுங்கியது. உள்ளே டீச்சர், "எல்லி நம்ம ஆனெமரி?" என்று பாடினார். நம் யானைக்குட்டி எங்கே என்கிறார்; எனக்குப் புரிந்துவிட்டது! கதையில் யானைகள் இன்னும் அரண்மனையை எட்டவில்லை. அழாமல் ஓடினேன். என்னை ஏமாற்றிய அம்மா, ஆயா, டீச்சர் மூவருக்கும் இன்றும் நன்றி.

"தாத்தா, போயிடாதே," என்று வாசலில் பேத்தி என் விரலைப் பிடித்தாள்.

"டீச்சர், சுருதி நான் போடட்டுமா?" என்றேன்.