ஏர்த் இல்லாத வாட்

மகாதேவி தாதியாக வந்த நாளிலிருந்து அந்த ஆஸ்பத்திரியின் இதய நோயாளர் வாட்டிலேயே இருந்தவள். கல்யாணம் சரிவரவில்லை. வட்டுக்கோட்டையில் தமையன் வீட்டில் ஓர் அறை இருந்தது, படுக்க மட்டும்.

சாமான் விலை ஏறிச் சனம் அல்லாடிய வருஷம், கட்டடத்துக்குப் பின்னால் நிலத்துக்குள் இறங்கும் ஏர்த் வயரை யாரோ செம்புக்காக வெட்டிக்கொண்டு போய்விட்டார்கள். லைட் எரிந்தது, ஃபான் சுற்றியது. ஒருவருக்கும் அவசரம் தெரியவில்லை. சளி உறிஞ்சும் மெஷினைத் தொட்டால் மட்டும் சிலவேளை விரல் கூசியது. மின்சார வேலை பார்க்கும் கேதீஸ்வரன் வேறொரு கம்பியை இறக்கிப் பார்த்தான்.

"கல்லு நிலம் மிஸ்ஸி. மாரியிலை கொஞ்சம் பிடிக்கும். கோடையிலை இருந்தும் இல்லாத மாதிரித்தான். கசியிற கரண்ட் தொடுற ஆளுக்குள்ளாலைதான் போகும்."

மகாதேவி மேலிடத்துக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்தாள். புதுக் கட்டடம் வருகுது, பொறுங்கோ என்றார்கள்.

வைகாசியில் கொடிகாமத்துத் தோட்டக்காரர் சோமசேகரத்தைக் கொண்டுவந்தார்கள். இதயம் தவறித் தவறித் துடித்ததால், துடிப்பைச் சீராக்கக் கழுத்து இரத்தக்குழாய்க்குள்ளால் மெல்லிய கம்பியொன்றை இதயம் வரைக்கும் விட்டிருந்தார்கள். அடுத்த நாளே மனுசன் எழும்பியிருந்து பயிற்றங்காய் விலையைப் பற்றிக் கதைத்தார். பின்னேரம் மகள் கோபிகா வந்தாள். கம்பியைப் பிடித்திருந்த பிளாஸ்டர் கழன்று தொங்குவதைக் கண்டு, ஒரு கையைக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற சளி உறிஞ்சும் மெஷினில் ஊன்றியபடி மற்றக் கையால் கம்பி முனையைத் தூக்கினாள்.

துடிப்பைக் காட்டும் திரையில் கோடு குலைந்தது. மகாதேவி ஓடிவந்து நெஞ்சை அமத்தினாள். டொக்டர் ஜெயதீபனும் போராடிப் பார்த்தார். உயிர் திரும்பவில்லை.

கோபிகா சுவரோடு ஒட்டி நின்றாள். "விரல் ஒருக்காக் கூசினது மிஸ்ஸி. நான் ஏதும் பிழையாச் செய்துபோட்டனோ?"

"இல்லைப் பிள்ளை. அப்பாவின்ரை நெஞ்சு பலவீனம்."

பிறகு மகாதேவி டொக்டரிடம் போனாள். "கரண்ட்தான் சேர். கம்பியாலை நேரை இதயத்துக்குள்ளை இறங்கிப்போட்டுது. மரணக் காரணமா அதை எழுதுங்கோ."

"உவ்வளவு சின்னக் கரண்டுக்கு உடம்பிலை ஒரு அடையாளமும் இருக்காது. என்னத்தைக் காட்டி எழுத?" என்றவர், குரலைத் தணித்தார். "எழுதினாலும், ஆரின்ரை கையாலை போனதெண்டு அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?"

மகாதேவி திரும்பி நிறைந்து கிடந்த கட்டில்களைப் பார்த்தாள்.

"அப்ப வாட்டையாவது மூடுங்கோ."

"மூடிப்போட்டு இந்தச் சனத்தை எங்கை போடுறது?"

அதுவும் உண்மைதான். மெஷினை மாற்றினார்கள். மாற்றாக வந்ததும் பழசுதான், ஏர்த் வரவேயில்லை. பார்க்க வருகிறவர்களிடம் ஒன்றையும் தொடாதேங்கோ என்று மகாதேவி சத்தம் போட்டாள். சிடுமூஞ்சி என்று பெயர் எடுத்தாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிய, கோபிகா ஒரு பை பலகாரத்தோடு வந்தாள். "நீங்கள்தானே மிஸ்ஸி கடைசிவரைக்கும் அப்பாவைப் பாத்தனீங்கள்."

மகாதேவி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள்.