புல்லுக்குப் போட்ட உரம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் என் கணவருக்குப் புல்வெளி ஆசை வந்தது. ஏற்காட்டில் எங்கள் வீடு ஏரியைப் பார்த்த சரிவில் இருக்கிறது. வாசலிலிருந்து தண்ணீர் விளிம்புவரை புல் வளர்க்கப் போவதாகச் சொல்லி, கரையோரம் மண்டியிருந்த புதரையும் கோரையையும் வெட்டித் தள்ளினார். அப்புறம் மூட்டை மூட்டையாக யூரியா. அந்தப் புல்லுக்குக் கிடைத்த கவனிப்பில் பாதி கிடைத்திருந்தால் நானும் பச்சைப்பசேலென்று இருந்திருப்பேன்.

ஒருநாள் உரம் தூவி முடித்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. தூவியதெல்லாம் ஏரிக்குள் போயிற்று. சில வாரங்களில் எங்கள் கரையோரம் பாசி படர்ந்து தண்ணீர் நாற ஆரம்பித்தது. அவர் படகில் வருகிறவர்களைத் திட்டினார், ஒண்டிக்கடை முக்கில் குப்பை போடுகிறவர்களைத் திட்டினார். தன் உரமூட்டையை மட்டும் திட்டவில்லை.

ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருக்கும் பக்கத்து வீட்டம்மா வேலியோரம் வந்து நின்றார்.

"ஏனுங்க அக்கா, அண்ணன் புல்லுக்கு வெக்கிற சோத்த ஏரியில்லீங்களா திங்குது? பாசி நொம்பக் கொழுத்துப் போச்சு!"

நான் சிரித்தது உள்ளே இருந்த அவருக்குக் கேட்டுவிட்டது. மறுநாள் காபி குடித்துக்கொண்டே, ஏதோ தானே கண்டுபிடித்ததுபோல அறிவித்தார்.

"இனிமே உரம் கெடையாது. கரையோரம் பொதர் வளரட்டும். மேல இருந்து வர்ற அழுக்க அதுதான் புடிச்சு நிறுத்தும்."

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. கழிவுநீர்த் தொட்டியில் கசிவு இருக்கிறதா என்று ஆள் வைத்துப் பார்த்தார். கரையில் துணி துவைக்கக் கூடாதென்று எனக்கும் சட்டம் போட்டார்.

அடுத்த ஆடியில் என் தம்பி குப்பனூர் மலைப்பாதை வழியாக ஜீப்பில் வந்தான். வண்டியெல்லாம் சேறு. நேராகக் கரைக்கு இறக்கி, வாளியில் சோப்புப் பொடியைக் கரைத்தான். இவர் செருப்புகூடப் போடாமல் ஓடினார்.

"மாப்ள, வண்டிய மேல ஏத்துங்க! சோப்புத் தண்ணி ஏரிக்குப் போகக் கூடாது."

"ஏனுங்க மச்சான், போன தடவ நீங்களே இங்கதானுங்க ஸ்கூட்டர் கழுவுனீங்க?"

"அது போன தடவ."

தம்பி முணுமுணுத்தபடி ஜீப்பை வாழைமரத்துப் பக்கம் ஏற்றினான். குழாயிலிருந்து தண்ணீர் சுமந்தது மச்சான்தான்.

இப்போது பாசி குறைந்துவிட்டது, நாற்றமும் இல்லை. கோரை மட்டும் ஆளுயரம் வளர்ந்து நிற்கிறது. ஏரி தெரிய வேண்டுமென்றுதான் இந்த வீட்டை வாங்கினோம். ஏரியைப் பார்க்க நான் மொட்டைமாடிக்கு ஏறுகிறேன்.